கனெக்ட், ஜாயின், லிங்க், அட்டாச்: எல்லாவற்றுக்கும் 'இணைக்கவும்' தானா?

கோவைக் கையேடு எழுதியது:

வணக்கம். பம்ப்செட் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்குவதில் தொடங்கி, அதை ஃபோனிலிருந்தே ஓடவிடும் செயலி வரை நாற்பது பக்கம். முதல் வரைவை அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. "ஒரே பக்கத்தில் ஏழு இடத்தில் 'இணைக்கவும்' வருகிறது. எதை எப்படிச் செய்வதென்று புரியவில்லை" என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். எடுத்துப் படித்துப் பார்த்தேன். அவர்கள் சொல்வது சரிதான். நான் எழுதியவற்றில் ஐந்து இவை:

குழாய்களை ஒன்றோடொன்று இணைக்கவும்.
பாதுகாப்புக் கயிற்றை மோட்டாருடன் இணைக்கவும்.
கேபிளை ஸ்டார்ட்டருடன் இணைக்கவும்.
மோட்டாரையும் பம்பையும் இணைக்கவும்.
செயலியை உங்கள் ஃபோன் எண்ணுடன் இணைக்கவும்.

ஆங்கில மூலத்தில் இவை வரிசையாக ஜாயின், அட்டாச், கனெக்ட், கப்பிள், லிங்க். ஐந்து வாக்கியத்துக்கும் ஐந்து வேறு வினைச்சொற்கள். அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு மற்றதையே பொருளாகக் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டேன். இவற்றுக்குள் ஆங்கிலத்தில் உண்மையான வேறுபாடு என்ன? அந்த வேறுபாட்டைத் தமிழில் காட்ட முடியுமா?

---

நெல்லை டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி. இருபது வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். ஒத்த சொல் பட்டியலை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

நான் வகுப்பில் கேட்கச் சொல்லும் கேள்வி இது: சேர்த்த பிறகு அந்த இரண்டு பொருளும் என்ன ஆகின்றன?

'ஜாயின்' என்றால் விளிம்பும் விளிம்பும் சந்தித்து இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு குழாயை ஜாயின் செய்தால் அப்புறம் அது ஒரே நீளக் குழாய். 'கனெக்ட்' அப்படி இல்லை. இரண்டும் இரண்டாகவே நிற்கும், ஆனால் நடுவே ஏதோ ஒன்று ஓடும்: கரண்ட், தண்ணீர், ரயில், பேச்சு. மதுரையையும் சென்னையையும் ரயில்பாதை கனெக்ட் செய்கிறது என்பார்கள். ஜாயின் செய்கிறது என்று யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, இரண்டும் ஒரே ஊராகிவிடவில்லையே. 'அட்டாச்' என்பதில் சமத்துவம் கிடையாது. ஒன்று பெரியது, இருந்த இடத்தில் இருக்கிறது. சிறியது வந்து அதில் சேர்கிறது. கடிதத்தோடு படத்தை அட்டாச் செய்யலாம், படத்தோடு கடிதத்தை அட்டாச் செய்வதாகச் சொன்னால் முக்கியமானது படம் என்றாகிவிடும்.

சொற்களின் பிறப்பைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அட்டாச் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது நிலத்தில் அடித்த முளைக்குச்சி. முளையில் கட்டிய கன்றை நினைத்துக்கொள்ளுங்கள், முளை நகராது. கனெக்ட் லத்தீன், 'சேர்த்துக் கட்டு' என்று பொருள். ஜாயினும் லத்தீன்தான், அதன் வேர் மாட்டை நுகத்தில் பூட்டுவது. ஆங்கில 'யோக்', சமஸ்கிருத 'யோகம்', ரயில்வே 'ஜங்ஷன்' எல்லாம் அந்த ஒரே குடும்பம்.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்குத் தமிழ்ப் 'பூட்டு' நினைவுக்கு வரும். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் 'மாங்கல்யம் திருப்பூட்டி' என்று இருக்கும். ஆங்கிலத்திலும் இல்லறத்தைக் குறிக்கும் 'கான்ஜுகல்' அதே நுகத்திலிருந்து பிறந்த சொல். இரண்டு மொழிக்காரர்களும் மாட்டைப் பூட்டிய வினையைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கையேட்டுக்கு வேண்டியதில்லை, ஆனால் இங்கே படிக்கிறவர்களுக்காக ஒன்று. 'ஐ ஜாய்ண்ட் இன் எ கம்பெனி' என்று எழுதாதீர்கள். நாம் 'கம்பெனியில் சேர்ந்தேன்' என்கிறோம், அந்த 'இல்' ஆங்கிலத்துக்குள் 'இன்' ஆகிக் குதித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஓர் அமைப்பில் சேரும்போது ஜாயினுக்குப் பின் எந்த முன்னிடைச்சொல்லும் வராது. 'ஜாயின் இன்' என்றால் பொருள் வேறு: எல்லோரும் பாடும்போது நாமும் கூடப் பாடுவது. கனெக்டுக்கு 'டு', 'வித்' இரண்டும் வரும். கருவியும் இடமும் என்றால் 'டு', மனிதரோடு மனம் சேர்வது என்றால் 'வித்'.

---

பெரம்பூர் ஃபிட்டர் எழுதியது:

டீச்சர் சொன்னது எங்கள் வேலையில் அப்படியே பொருந்தும்.

ரயில்வேயில் ஒரு வண்டிக்குக் கூடுதல் பெட்டி போட்டால் அதிகாரிகள் எழுதுவது 'அட்டாச்'. பாதி வழியில் கழற்றினால் 'டிட்டாச்'. வண்டி பெரிது, பெட்டி அதில் ஒரு துணை. ஆனால் யார்டில் நாங்கள் கையால் செய்கிற வேலைக்குப் பெயர் 'கப்ளிங்'. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே செய்கிற வேலை அது, அங்கே பெரியது சிறியது இல்லை. பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளில் ஸ்க்ரூ கப்ளிங். ஆள் உள்ளே குனிந்து, கொக்கியில் வளையத்தைத் தூக்கி மாட்டி, திருகி இறுக்க வேண்டும். இப்போது வரும் எல்.எச்.பி. பெட்டிகளில் சென்டர் பஃபர் கப்ளர். ஒன்றை ஒன்று மெல்ல இடித்தால் கவ்விக்கொள்ளும். அதற்கப்புறம் பிரேக் பைப்பையும் கரண்ட் கேபிளையும் 'கனெக்ஷன்' கொடுப்போம். டீச்சர் சொன்ன மாதிரி அதற்குள் காற்றும் கரண்டும் ஓடுகிறது.

'லிங்க்' என்பது எங்களுக்கு இரும்பு இல்லை, தாள். ஒரு ரேக், அதாவது சேர்ந்தே ஓடும் பெட்டிகளின் தொகுதி, எந்த வண்டியாகப் போய் எந்த வண்டியாகத் திரும்பும் என்கிற அட்டவணைக்கு ரேக் லிங்க் என்று பெயர். ஓட்டுநர்களுக்கு க்ரூ லிங்க். ஒன்று முடிந்தால் அடுத்தது, சங்கிலி மாதிரி.

தம்பி, உங்கள் பம்பில் மோட்டாரையும் பம்பையும் சேர்ப்பதும் கப்ளிங்தான். ஒரு தண்டு சுற்றினால் மற்றதும் சேர்ந்து சுற்ற வேண்டும், வேண்டும்போது கழற்றவும் வர வேண்டும். அந்தப் பாகத்தை கோயம்புத்தூரில் எந்தக் கடையில் கேட்டாலும் கப்ளிங் என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குப் புதுப் பெயர் வைத்தால் வாங்கப் போகிறவன் கஷ்டப்படுவான்.

---

ஆனைமலைத் தோப்பு எழுதியது:

எங்கள் தோட்டத்தில் போன மாதம்தான் மோட்டார் இறக்கினோம். வந்த ஆட்கள் ஒரு தடவைகூட 'இணை' என்று சொல்லவில்லை. கயிற்றைக் 'கட்டு', இரும்புக் குழாயை 'மரை ஏற்று', பி.வி.சி. குழாயைப் பசை தடவி 'ஒட்டு', ஹோஸை 'மாட்டு', வயரை 'முறுக்கி டேப் சுற்று', ஸ்டார்ட்டருக்கு 'கனெக்ஷன் கொடு'. ஒவ்வொன்றுக்கும் கை செய்கிற வேலை வேறு, சொல்லும் வேறுதானே.

---

கோவைக் கையேடு எழுதியது:

அண்ணா, நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். 'மாட்டு' என்ற சொல் எனக்குத் தோன்றவே இல்லை. அட்டாச் என்றால் பாதி இடத்தில் 'மாட்டு'தான்.

---

தறிச்சத்தம் எழுதியது:

நாங்கள் காஞ்சிபுரம், மூன்று தலைமுறையாகத் தறி. எங்கள் தொழிலில் இதற்குள்ள சொற்களையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

தறியில் ஒரு பாவு (நீளவாட்டில் கட்டிய இழைகள்) முடியப்போகும்போது புதுப் பாவின் இழையைப் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு இழையாக, ஆயிரக்கணக்கில். அதற்குப் பெயர் பிணைத்தல். நுனியும் நுனியும் சேர்ந்து ஒரே இழை ஆகிறது, டீச்சர் கணக்கில் இது ஜாயின். எங்கள் வீட்டில் பாட்டி பிணைத்தால் முடிச்சு கையில் தட்டுப்படாது.

கோர்வை என்பது வேறு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டுக்கும் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் இழை, வேறு. ஊடையைக் கொண்டுபோகும் ஓடத்துக்கு நாடா என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு திரும்பும். நிறம் கலக்காது, பிரியவும் பிரியாது. கைத்தறியில் இதற்கு நெசவாளியோடு கூட ஓர் ஆள் வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும்போது இதை 'இன்டர்லாக்' என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் கோர்வை என்பதில் மணி கோக்கிற நிதானமும் இருக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்து 'இணைப்பு' என்று ஒரு கண்காட்சிப் பலகையில் எழுதியிருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது.

---

தஞ்சை வழக்குரைஞர் எழுதியது:

அட்டாச் என்ற சொல்லுக்கு எங்கள் நீதிமன்றத்தில் இருக்கிற பொருள் வெளியே பலருக்குத் தெரியாது. கடன் கொடுத்தவர் வழக்குப் போடுகிறார், தீர்ப்பு வருவதற்குள் எதிராளி வீட்டை விற்றுவிடுவாரோ என்று பயப்படுகிறார். அப்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி அந்தச் சொத்தை முடக்கி வைக்கக் கேட்கலாம். ஆங்கிலத்தில் அதுவும் அட்டாச்மென்ட்தான். பேச்சில் ஜப்தி, நீதிமன்றத் தமிழில் பற்றுகை. ஓர் ஆங்கில ஆணையில் 'த ப்ராப்பர்ட்டி இஸ் அட்டாச்ட்' என்று இருந்ததை ஒருவர் 'சொத்து விவரம் இணைக்கப்பட்டுள்ளது' என்று தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். அந்தக் குடும்பம் அதை ஏதோ பின்னிணைப்பு என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டது. சொல் ஒன்று மாறினால் இவ்வளவு தூரம் போகும்.

'பற்று' எவ்வளவு அருமையான சொல் என்று பாருங்கள். மகன்மேல் இருப்பதும் பற்று, நீதிமன்றம் செய்வதும் பற்றுகை. ஆங்கிலத்திலும் பாசத்துக்கும் ஜப்திக்கும் ஒரே அட்டாச்மென்ட். இந்த ஒரு சொல்லுக்காவது தமிழும் ஆங்கிலமும் கைகோர்த்து நடக்கின்றன.

---

ஒற்றுப்பிழை எழுதியது:

கைகோத்து என்பதே சரி. வினையடி 'கோ'. கோத்தான், கோத்து, கோவை, கோப்பு. 'கோர்த்து' பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டது.

---

தறிச்சத்தம் எழுதியது:

அப்படியானால் எங்கள் கோர்வை? தறியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

---

ஒற்றுப்பிழை எழுதியது:

தொழிலுக்குள் ஒரு பொருளின் பெயராக நிலைத்துவிட்ட சொல்லை நான் தொடமாட்டேன், ஐயா. அது உங்களுடையது. கட்டுரையில் 'மணியைக் கோர்த்தாள்' என்று வரும்போதுதான் திருத்துவேன்.

அந்தக் 'கோப்பு' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில 'ஃபைல்' லத்தீனில் நூல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் தாள்களைக் கம்பியிலோ நூலிலோ குத்திக் கோத்து வைப்பார்கள். நம் கோப்பும் கோத்து வைத்ததுதான். அலுவலகத்தில் தாளில் துளை போட்டு நாடா கோத்துக் கட்டுகிற ஒவ்வொரு முறையும் இரண்டு சொல்லின் பிறப்பும் கண்முன்னே நடக்கிறது.

---

யாழ்மணல் எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. கையேட்டின் ஐந்தாவது வாக்கியத்தைப் பற்றி. இணையப் பக்கத்து 'லிங்க்'குக்கு நாங்கள் 'தொடுப்பு' என்று எழுதுவோம். பூத் தொடுப்பது, பாட்டுத் தொடுப்பது, வழக்குத் தொடுப்பது எல்லாவற்றிலும் இருக்கிற வினைதானே. ஆனால் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, எங்கள் ஊரில் இப்படி எழுதாதீர்கள் என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

---

நெல்லை டீச்சர் எழுதியது:

தம்பி, தமிழ்நாட்டுப் பேச்சில் 'அவருக்கு அங்கே ஒரு தொடுப்பு' என்றால் கல்யாணத்துக்கு வெளியே இருக்கிற உறவு. அதனால்தான் தயங்கியிருப்பார். ஆனால் அந்தப் பயத்தால் சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் 'லியேசான்' என்று ஒரு சொல் உண்டு, பிரெஞ்சிலிருந்து எடுத்தது. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே தொடர்பு பார்க்கிறவர் லியேசான் ஆபீசர். மறைவான காதலுக்கும் அதே லியேசான்தான். அதை வைத்துக்கொண்டே உலகம் முழுக்க அலுவலகம் நடத்துகிறார்கள். பிரெஞ்சு இலக்கணத்தில் ஒரு சொல்லின் கடைசி ஒலி அடுத்த சொல்லின் முதல் ஒலியோடு சேர்வதற்கும் லியேசான் என்றுதான் பெயர். நம் இலக்கணத்தில் அதற்குப் புணர்ச்சி. அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் நான் அதை நேராகவே சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவேன், பிள்ளைகள் அப்புறம் கவனமாகக் கேட்பார்கள்.

---

சங்கிலி சர்வேயர் எழுதியது:

லிங்க் என்றதும் எனக்கு அளவைதான் நினைவு. சங்கிலியின் ஒரு கண்ணிக்குத்தான் ஆங்கிலத்தில் லிங்க். 1620 வாக்கில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் நிலம் அளக்க ஒரு சங்கிலி வகுத்தார். 66 அடி நீளம், 100 கண்ணி. ஒரு கண்ணி 7.92 அங்குலம். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம் ஊரில் இன்றும் எல்லோரும் பேசுகிற ஒரு சென்ட் என்பது 1000 சதுர லிங்க், அதாவது 435.6 சதுர அடி. பழைய புலப்படங்களில் அளவுகள் லிங்கிலேயே இருக்கும். கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜமும் ஒரு சங்கிலி நீளம்தான்.

கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு கண்ணி விட்டால் சங்கிலியே இரண்டு துண்டு. லிங்க் என்ற சொல்லுக்கு அந்தக் குணம் இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'மிஸ்ஸிங் லிங்க்' என்பார்களே.

---

ஒற்றுப்பிழை எழுதியது:

பழந்தமிழில் 'தொடர்' என்றாலே சங்கிலி. புறநானூறு 74ஆம் பாட்டில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தன்னை 'தொடர்ப்படு ஞமலி'யோடு, சங்கிலியால் கட்டிய நாயோடு, ஒப்பிடுகிறான். இன்றைக்கு நாம் சொல்லும் தொடர்பும் தொடர்ச்சியும் காதில் விழும்போது எனக்கு அந்த இரும்புச் சத்தமும் கேட்கும். ஆகவே யாழ்மணல் சொல்லும் தொடுப்புக்கும், நாம் எழுதும் தொடர்புக்கும், லிங்குக்கும் நெருக்கம் அதிகம். 'இணை' அவ்வளவு நெருக்கமில்லை.

---

ஒயர்மேன் எழுதியது:

'இணை' என்பதில் எங்களுக்கு ஒரு சிக்கல். இணைகோடு என்றால் எவ்வளவு நீட்டினாலும் சேராத கோடு, இணைப்பு என்றால் சேர்த்தது! ஐ.டி.ஐ.யில் படிக்கும்போது குழம்பியிருக்கிறேன். பள்ளிப் புத்தகத்தில் சீரிஸுக்குத் தொடரிணைப்பு, பேரலலுக்குப் பக்க இணைப்பு என்று போட்டுத் தப்பித்துவிட்டார்கள்.

---

நெல்லை டீச்சர் எழுதியது:

இணை என்பதற்கு அடிப்படைப் பொருள் ஜோடி, ஒப்பு. இணைகோடு ஜோடியாகப் போகிறது. இணை இயக்குநர், இணை ஆணையர் எல்லாம் கூட நின்று வேலை பார்க்கிறவர்கள். ஆங்கிலத்தில் இதற்கு நேர் சொல் 'கப்பிள்'. வினையாகவும் வரும், கணவன் மனைவி என்ற ஜோடிக்கும் வரும். நாம் கப்பிளுக்கு உரிய சொல்லை எடுத்து, கனெக்ட், ஜாயின், லிங்க், அட்டாச் நான்கின் தலையிலும் வைத்துவிட்டோம். ஆதார், பான் அட்டை, மின்சாரம், விமானம் எல்லாம் இணைப்பு ஆனது இப்படித்தான்.

---

செயலிக்காரன் எழுதியது:

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் விவசாயிக்கு 'கனெக்ட் பண்ணவும்' என்றாலே புரியுமே. தமிழ்ச்சொல் தேடி ஏன் இவ்வளவு சிரமம்? எங்கள் செயலியில் 'கனெக்ட் செய்' என்றே பொத்தான் வைத்தோம், ஒருவரும் புகார் சொல்லவில்லை.

---

ஆனைமலைத் தோப்பு எழுதியது:

பொத்தானுக்குச் சரி, அதில் தட்டினால் முடிந்தது. கிணற்று மேட்டில் நின்றுகொண்டு 'கயிற்றைக் கனெக்ட் செய்யவும்' என்று படித்தால் கட்டுவதா, கொக்கியில் மாட்டுவதா, கவ்வி போட்டு இறுக்குவதா? கயிறு நழுவினால் மோட்டார் முந்நூறு அடி கீழே. ஆங்கிலச் சொல்லைப் போடுவதில் எனக்கு வழக்கில்லை. கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத எந்தச் சொல்லும் அந்த இடத்தில் ஆகாது.

---

செயலிக்காரன் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வேலையிலும் அப்படி ஒன்று உண்டு. முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் ஒரே கட்டத்தில் கொண்டுவர எக்செலில் 'கான்கேட்டினேட்' போடுவோம். லத்தீனில் சங்கிலி என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை, அவ்வளவுதான். தரவுத்தளத்தில் 'ஜாயின்' போட்டால் வேறு கதை: இரண்டு அட்டவணையிலும் பொதுவான எண்ணைப் பார்த்து, பொருந்துகிற வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். இரண்டையும் 'இணை' என்று எழுதிக் கற்றுக்கொடுத்த பயிற்சிக் குறிப்பைப் படித்துவிட்டு வந்த பையன் ஒருவன் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டான். ஒரு நாள் வேலை போயிற்று. முதலாவதைக் கோத்தல் என்றும் இரண்டாவதைப் பொருத்திச் சேர்த்தல் என்றும் சொல்லியிருக்கலாம்.

---

கோவைக் கையேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து மாற்றினேன். பார்த்துச் சொல்லுங்கள்.

குழாய்களின் மரையைப் பொருத்தி, ஒன்றில் ஒன்றைத் திருகி ஏற்றவும்.
பாதுகாப்புக் கயிற்றை மோட்டாரின் காதில் கோத்துக் கட்டவும்.
கேபிளின் மூன்று வயரையும் ஸ்டார்ட்டரில் அதே நிற முனைகளில் மாட்டி, திருகை இறுக்கவும்.
மோட்டார் தண்டையும் பம்ப் தண்டையும் கப்ளிங் போட்டுச் சேர்க்கவும்.
செயலியில் உங்கள் ஃபோன் எண்ணைப் பதிந்து, மோட்டாரோடு தொடர்புபடுத்தவும்.

இணைக்கவும் ஒன்றுகூட இல்லை. வாக்கியம் கொஞ்சம் நீண்டுவிட்டது, அது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

---

பெரம்பூர் ஃபிட்டர் எழுதியது:

நன்றாக இருக்கிறது தம்பி. கழற்றுகிற பக்கத்தையும் பார்த்தீர்களா? அதில் எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

---

கோவைக் கையேடு எழுதியது:

ஐயா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 'டிஸ்கனெக்ட் த கேபிள்' என்பதற்கு 'கேபிளைத் துண்டிக்கவும்' என்று எழுதியிருக்கிறேன்.

---

ஒயர்மேன் எழுதியது:

ஐயோ, மாற்றிவிடுங்கள் சார். அதைப் படித்துவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுப்பான். ஃபோனில் பேச்சைத் துண்டிக்கலாம், கேபிளைத் துண்டித்தால் வெட்டினது. 'மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட்டரிலிருந்து வயரைக் கழற்றவும்' என்று எழுதுங்கள். அணைப்பது முதலில் வரட்டும்.

---

கோவைக் கையேடு எழுதியது:

மாற்றிவிட்டேன். கயிற்றை 'அவிழ்க்கவும்', குழாயைத் 'திருகிக் கழற்றவும்', கப்ளிங்கைப் 'பிரிக்கவும்', ஃபோன் எண்ணை 'நீக்கவும்'. துண்டிக்கவும் வந்த மற்ற நான்கு இடங்களையும் இன்று மாலைக்குள் பார்த்துவிடுகிறேன்.